ஐஸ் கம்பெனிப் பேரேடு

தடைக்காலம். காசிமேட்டில் விசைப்படகுகள்
ஒன்றையொன்று உரசிக்கொண்டு நிற்கின்றன.
படகு போகாவிட்டால் ஐஸ் இல்லை,
ஐஸ் இல்லாவிட்டால் எனக்குக் கணக்கு இல்லை.
முதலாளி தூக்கிப்போடச் சொன்ன
பாதி எழுதிய பேரேட்டை வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.
முதல் எண்பது பக்கம் பார் ஐஸ், உடைகூலி, வராத பாக்கி.
எண்பத்தோராம் பக்கத்திலிருந்து
என் பிள்ளைகளின் வருஷம்.

ஜெனோவாவுக்கு ஏழு. ஆன்டோவுக்கு நாலரை.
போன வருஷம் அவள் பள்ளிக்கூடம் போனது
தொண்ணூற்றிரண்டு நாள்.
நானும் எண்ணினேன், அவர்களும் எண்ணினார்கள்.
மீதி நாளெல்லாம் நெபுலைசர் மூடிக்குள்
புகையைக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.
அட்டென்டன்ஸ் இல்லம்மா என்றார்கள்.
மூச்சே இல்லை என்றேன்.
டி.சி.யில் நடத்தை: நன்று.

ஜூன் பதினைந்து, படகுகள் கடலுக்குப் போகும் நாள்.
நமக்கும் அன்றுதான் என்று போட்டேன்.
ஸ்கேல் வைத்துக் கோடு கிழித்தேன்.
எட்டு மணிக்கு உயிர்மெய்.
எட்டரைக்குக் கூட்டல், கடன் வாங்காத கழித்தல்.
ஒன்பதேகாலுக்குத் தண்ணீர் லாரி வரும்;
அதை அளவைகள் என்று எழுதிக்கொண்டேன்:
எத்தனை நீலக் குடம் சேர்ந்தால் ஒரு டிரம்.

ஜூலை பாதிவரை எல்லாம் கட்டம் கட்டமாக இருந்தது.
ஆடிக்கு வந்ததும் பேனா நின்றது.
ஆடி என்றால் கச்சான் காற்று.
விடிவதற்குள் மணலியை அப்படியே தூக்கிவந்து
எங்கள் ஜன்னலில் வைத்துவிட்டுப் போகும்.
அந்த வாரங்களுக்கு எதிரே
'ஜன்னல் சாத்திய பாடங்கள்' என்று எழுதினேன்.
துறைமுகத்தில் எட்வின் குறித்துவரும் கண்டெய்னர் எண்கள்:
நாலு எழுத்து, ஏழு இலக்கம்.
எழுத்து அவனுக்கு, இலக்கம் இவளுக்கு.

நவம்பருக்கு ஒரே சொல். மழை.
கீழே சின்னதாக: நோட்டை பீரோ மேல் வை.
டிசம்பரில் வாடை திரும்பி எண்ணூர்ச் சாம்பல் வரும்.
கொடியில் காயும் கறுப்புப் பாவாடையில்
விரலால் 'அ' எழுதலாம்.
பாடத்தில் சேர்க்கலாமா என்று யோசித்தேன்.
சேர்க்கவில்லை.

அப்புறம் ஜனவரி வெள்ளையாகவே கிடந்தது.
ஐஸ் ஓடத் தொடங்கினால்
ராத்திரி மூணு மணிக்குக் கம்பெனிக்குப் போய்
ஏழரைக்குத் திரும்புகிற அம்மா
எட்டுக்கு டீச்சர்.
நடுவில் உள்ள அரைமணிக்கு என்ன எழுத?
கை கழுவு, என்று எழுதினேன்.

பரீட்சை யாரு வைப்பா என்றாள் கீழ்வீட்டு மும்தாஜ்.
கணக்கு எழுதியவளே தணிக்கை பார்க்கக் கூடாது,
அது எனக்குத் தெரியாதா.
நீயே திருத்து என்றேன்.
சிவப்புப் பேனா நீதான் வாங்கித் தரணும் என்றாள்.

மணி பதினொன்று. கரண்ட் போய் வந்தது.
தூங்கிவிட்டாள் என்று நினைத்த ஜெனோவா
கொசுவலைக்குள்ளிருந்து கேட்டாள்:
"ஸ்கூல் வூட்லயே இருந்தா
ஸ்கூல் வுட்டு எங்கம்மா வர்றது?"

எண்பது பக்கத்திலும் அதற்குப் பத்தி இல்லை.

விடியும்வரை உட்கார்ந்து
எல்லா மாதத்திலும், வெள்ளை மாதங்களிலும்,
பன்னிரண்டரைக்கு எதிரே எழுதினேன்.
காற்று சரியாக இருந்தால்
பையை மாட்டு, படியிறங்கு.
கொருக்குப்பேட்டை கேட்டில் நின்று
கூட்ஸ் போகும்வரை பெட்டிகளை எண்ணு.
ஆன்டோ முப்பத்தொன்பதுக்கு அப்புறம்
முப்பத்திப்பத்து என்பான். திருத்தாதே.
கேட் திறந்ததும் வீட்டுக்கு நட.
கதவைத் தட்டு.

சாவி என் இடுப்பில்தான் இருக்கும்.
இருந்தாலும் தட்டட்டும்.